பாதி நோன்பு போயிற்று, பாதிப் பாவம் போயிற்றா?

கி.பி. 387ஆம் ஆண்டுத் தவக்காலம் பாதி கடந்த வேளையில், அந்தியோக்கியா நகரத்துக் கிறிஸ்தவர்கள் ஒருவரோடொருவர் மகிழ்ச்சி கொண்டாடிக்கொண்டார்கள். பாதி நோன்பு ஓடிவிட்டது, இனிப் பாதிதான் என்ற நிம்மதி. அதைக் கவனித்த ஒரு குரு மறையுரையில் வேறொரு கணக்குக் கேட்டார். நோன்பில் பாதி போனது சரி, பாவத்தில் பாதி போயிற்றா? போயிருந்தால் மகிழுங்கள் என்றார். பிற்காலத்தில் ‘பொன்வாய்’ என்று பொருள்படும் கிறிசோஸ்தோம் என்ற பெயரால் அறியப்பட்ட யோவான்தான் அந்தக் குரு. கத்தோலிக்கர் தவக்காலம் என்றும், சீர்திருத்தத் திருச்சபையார் லெந்து நாட்கள் என்றும் சொல்லும் இந்தப் பருவத்தைப் பற்றிய பேச்சு இன்றும் பெரும்பாலும் சாப்பாட்டில் தொடங்கிச் சாப்பாட்டிலேயே முடிந்துவிடுகிறது. இறைச்சியை விட்டாயா, ஒரு வேளை உணவா, வெள்ளிக்கிழமை மட்டுமா என்பதே கேள்வி. உணவை ஒறுப்பது நல்லதுதான். ஆனால் அது இந்தப் பருவத்துக்குத் துணைவேலை. நாள்தோறும் இறைவார்த்தையின் முன் அமர்ந்து, தன் நடத்தையில் ஏதேனும் ஒன்றை எடுத்து, அதையே விடாமல் பார்த்து வருவதுதான் முதல் வேலை என்பது என் வாதம்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. 325ஆம் ஆண்டு நிசேயா சங்கத்தின் விதிகளிலேயே உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாற்பது நாட்கள் பற்றிய குறிப்பு உண்டு. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண், தான் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். உயிர்ப்பு விழாவன்று திருமுழுக்குப் பெறப்போகிறவர்களை ஆயர் தினமும் காலையில் உட்கார வைத்து, மூன்று மணி நேரம் கற்பிப்பார். தொடக்க நூலிலிருந்து வேதம் முழுவதையும் எடுத்து, முதலில் நேர்ப்பொருள், பிறகு ஆன்மிகப் பொருள் என்று விளக்குவார். நோன்பும் கூடவே நடந்தது. ஆனாலும் அந்த நாட்களின் உருவத்தைப் பார்த்தால் அது ஒரு பள்ளிக்கூடம். இந்தப் பழைய உருவத்தின் தடம் இன்றும் கத்தோலிக்கத் திருவழிபாட்டில் இருக்கிறது. தவக்காலத்தின் ஒவ்வொரு வாரநாளுக்கும் அதற்கென்றே வாசகங்கள் உண்டு. அவை ஆண்டுதோறும் மாறாமல் திரும்ப வரும். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்பு விழாவுக்கு முந்தின நாள்வரை எண்ணினால் வரும் நாற்பத்தாறு நாட்களில் ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான் நாற்பது என்கிறோம். அந்த நாற்பதில் ஒரு நாள்கூடப் பாடம் இல்லாமல் போவதில்லை.

அந்தியோக்கியாவுக்குத் திரும்புவோம், ஏனெனில் தினசரிச் சிந்தனை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அந்த ஊரைப்போல் காட்டும் சான்று குறைவு. தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், பேரரசர் தெயோதோசியு விதித்த புதிய வரியால் கொதித்த கூட்டம் அவருடைய சிலைகளையும் அவர் குடும்பத்தாரின் சிலைகளையும் இழுத்துத் தள்ளி உடைத்துவிட்டது. பேரரசரின் சிலையை உடைப்பது பேரரசரையே அடிப்பதற்குச் சமம். ஊரையே அழித்துவிடுவார்கள் என்ற பீதி பரவியது. முதியவரான ஆயர் பிளாவியன், சாகும் தறுவாயில் கிடந்த தன் சகோதரியையும் விட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்க ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் புறப்பட்டார். சந்தை வெறிச்சோடியது, கோவில் நிரம்பியது. அந்தக் கூட்டத்துக்கு யோவான் ஆறுதல் சொன்னதோடு நிறுத்தவில்லை. இந்தத் தவக்காலத்துக்கு மூன்றே கட்டளைகள் என்றார்: யாரைப் பற்றியும் தீதாகப் பேசாதிருப்பது, யாரையும் பகைவராக எண்ணாதிருப்பது, எடுத்ததற்கெல்லாம் ஆணையிடும் வழக்கத்தை வாயிலிருந்து விரட்டுவது. வரி அறிவிப்பு வந்தால் வீட்டுத்தலைவன் மனைவி, பிள்ளைகள், வேலையாட்களைக் கூப்பிட்டு எப்படிக் கட்டுவது என்று யோசிப்பானே, அதேபோல் இந்தக் கட்டளைகளுக்கும் வீட்டில் கூடிப் பேசுங்கள் என்றார். வரியால் கலவரம் வெடித்த ஊரில், வரியையே உவமையாக்கி அதைச் சொன்னார் என்பது கவனிக்க வேண்டியது.

‘சாமி சத்தியமா’, ‘அம்மா மேல சத்தியமா’ என்று பேச்சுக்குப் பேச்சு சொல்லும் நமக்கு அந்த மூன்றாவது கட்டளையின் அருமை எளிதில் புரியும். உயிர் போகும் அச்சத்தில் இருக்கும் மக்களிடம் போய் இவ்வளவு சின்ன விஷயத்தையா பேசுவது என்று தோன்றலாம். அவர் உரைக்கு உரை அதையே பேசினார். கேட்பவர்களுக்கு அலுத்திருக்கும். ஆனால் பெரிய பாவங்களைப் பற்றிப் பொதுவாக வருந்துவது எளிது. இன்று காலையிலிருந்து என் வாயிலிருந்து வந்ததை நினைத்துப் பார்ப்பதுதான் கடினம். பழக்கம் அன்றாடத்தில் ஊறியது, ஆகவே மருந்தும் அன்றாடம்தான் தரவேண்டியிருக்கிறது. வாய் மட்டும் நோன்பிருந்தால் போதாது, கண்ணும் காதும் கையும் காலும் நோன்பிருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் இதே காரணத்தால்தான். இறைச்சியைத் தொடாத வாய் உடன்பிறந்தவனைக் கடித்துக் குதறினால் என்ன பயன் என்பது அவர் கேள்வி. நம் வள்ளுவரும் தவத்துக்கு உருவம் சொல்லும்போது, தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பதோடு நிறுத்தாமல், பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் சேர்த்தே வைக்கிறார். தவக்காலம் என்ற நம் சொல்லுக்குள் இந்த இரண்டாம் பாதியும் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

தினமும் என்று வைத்தால் அது சடங்காகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காலையில் கைபேசியில் வந்து விழும் ‘இன்றைய சிந்தனை’யை ஒரு பார்வை பார்த்து, அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு மறப்பவர்கள் ஏராளம். இது வாசிப்பு, சிந்தனை ஆகாது. இந்த ஆபத்தை முன்னோர் அறிந்திருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கில், தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் தரப்படும். அதை இடையில் தாவாமல், முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நுனிப்புல் மேய்வதற்கு அங்கே இடமில்லை. பதினாறாம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் இன்னும் ஒரு படி போனார். 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூலில், திருத்திக்கொள்ள வேண்டிய ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு, நண்பகலிலும் இரவிலும் தன்னைச் சோதித்து, எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளிகளை அந்த நாளுக்கான கோட்டில் வைக்கச் சொல்கிறார். பிறகு நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும். சடங்கு மனத்தைத் தூங்க வைக்கும். இந்தப் புள்ளிகளோ தூங்கவிடாதவை.

இன்னொரு தடை சீர்திருத்தத் திருச்சபைப் பக்கத்திலிருந்து வருவது. 1522இல் சூரிக் நகரில், அச்சக உரிமையாளர் ஒருவர் வீட்டில் லெந்து நாளில் சிலர் விதியை மீறி இறைச்சி உண்டார்கள். உடனிருந்தும் தான் உண்ணாத உல்ரிக் சுவிங்லி, உணவில் கிறிஸ்தவருக்கு உரிமை உண்டு என்று அவர்களுக்காகப் பேசினார். மனிதர் செய்த சட்டத்தைக் கடவுளின் கட்டளையாக்காதீர்கள் என்ற அவர் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் நோன்பிருக்க விரும்புகிறவன் இருக்கட்டும் என்றுதான் அவரும் சொன்னார். கட்டாயம்தான் அவருக்கு ஆகவில்லை. சொல்லப்போனால் யோவான் அவருக்கு முன்பே, சாப்பிட்டுவிட்டோமே என்று வெட்கப்பட்டுக் கோவிலுக்கு வராமல் இருக்காதீர்கள், சாப்பிட்டுவிட்டும் வந்து கேளுங்கள் என்று சொல்லியிருந்தார். இதைவிட ஆழமான தடை, மீட்பு அருளால் வருவது, நம் புள்ளிக் கணக்கால் அல்ல என்பது. உண்மைதான். இஞ்ஞாசியாரின் சோதனையும் கடவுளிடம் அருள் கேட்டுவிட்டுத்தான் நடக்கிறது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம், சாம்பல் புதன் எனப்படும் திருநீற்றுப் புதனுக்குரிய ஜெபத்தை லெந்து முழுவதும் தினமும் சொல்லப் பணிக்கிறது. தங்களில் புதிய இருதயத்தைப் படைக்கும்படி கடவுளைக் கேட்கும் ஜெபம் அது. படைப்பவர் அவர். நாள்தோறும் கேட்பது நம் பங்கு.

தன்னையே தோண்டிக்கொண்டிருப்பது ஏழையை மறக்கும் பக்தி அல்லவா என்பாரும் உண்டு. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வாசகமே இதற்கு விடை. அடிமைத் தளைகளை அவிழ்ப்பதும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதுமே கடவுள் விரும்பும் நோன்பு என்று ஏசாயா அங்கே பேசுகிறார். முதல் வாரத் திங்களன்று மத்தேயுவின் இறுதித் தீர்ப்புக் காட்சி வருகிறது. தினமும் வாசிப்பவனால் ஏழையைத் தப்பிப் போக முடியாது. யோவான் ஆணையிடுதலைக் கண்டித்ததும் வாய்ச் சுத்தத்துக்காக மட்டும் அல்ல. தவறு செய்த அடிமையைச் சாட்டையால் அடிப்பேன் என்று வீட்டுத்தலைவி ஆணையிடுகிறாள், அடிக்க விடமாட்டேன் என்று கணவன் எதிராணை இடுகிறான், நடுவில் நிற்பது அந்த அடிமையின் முதுகு. இப்படிப்பட்ட வீடுகளைத்தான் அவர் மனத்தில் வைத்துப் பேசினார். ஒரு சொல்லைத் திருத்தினால் ஒரு முதுகு தப்பும்.

அத்தனை உரைகளுக்குப் பின் ஊர் திருந்தியதா? நாற்பது நாட்கள் ஓடி முடிந்தும் அந்தப் பழக்கத்தை விடாதவர்கள் இருக்கிறார்கள் என்று அவரே கடிந்துகொள்கிறார். பேரரசர் மன்னித்துவிட்டார். பிளாவியன் உயிர்ப்பு விழாவுக்கு ஊர் திரும்பினார். மக்கள் சந்தையெங்கும் மாலைகள் தொங்கவிட்டு விளக்கேற்றினார்கள். அந்த மகிழ்ச்சியில் கலந்துகொண்ட யோவான், இந்த விளக்குகளை நல்ல நடத்தையால் எந்நாளும் ஏற்றி வையுங்கள் என்று மறுபடியும் கேட்கத் தொடங்கினார்.