மோட்டார் போட்டதும் லைட் மங்குவது ஏன்?



1989-ல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் சுயஉதவிக் குழுப் பணி தொடங்கியது. அன்று சேமிப்பில் ஆரம்பித்தோம். இன்று கம்பைநல்லூர் பகுதிக் கூட்டங்களில் "மாவு மில் வைக்கலாமா, செக்கு போடலாமா?" என்று கேட்கிறீர்கள். கடன் வாங்கும் முன் மோட்டாரைப் பற்றிக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

மில் ஸ்விட்சைப் போட்டவுடனே பக்கத்து வீட்டு லைட் மங்கி, மறுபடி நல்லா எரியுதே, பார்த்திருக்கீங்களா? நிற்கிற பார வண்டியை முதலில் நகர்த்தத்தான் அதிக பலம் வேணும். உருள ஆரம்பித்தால் போதும். மோட்டாரும் அப்படித்தான். சுற்றும்போது உள்ளே உண்டாகும் எதிர் அழுத்தம் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும். நிற்கும்போது அந்தத் தடை இல்லை. அதனால் நேராக ஸ்டார்ட் செய்தால், ஓடும்போது எடுப்பதைப் போல் சுமார் 6 மடங்கு கரண்ட்டை இழுக்கும். 10 குதிரைத்திறன் த்ரீ பேஸ் மோட்டார் முழு வேலையில் எடுப்பது சுமார் 14 ஆம்பியர். ஸ்டார்ட் ஆகும்போது 80 ஆம்பியரைத் தாண்டும்.

இதைக் குறைக்கத்தான் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். முதலில் 'ஸ்டார்' இணைப்பில் ஒவ்வொரு காயிலுக்கும் 415 வோல்ட்டுக்குப் பதில் 240 வோல்ட்தான் போகும். இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும். வேகம் பிடித்ததும் 'டெல்டா'வுக்கு மாறும். ஆனால் ஸ்டாரில் சுழற்றும் பலமும் மூன்றில் ஒரு பங்குதான். எனவே மில்லில் தானியம் கொட்டாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். முழு வேகம் வந்த பிறகு கொட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

* திரும்பத் திரும்ப ஆன், ஆஃப் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் காயில் சூடேறும்.
* ஃபியூஸ் போனால் தடித்த கம்பி கட்டாதீர்கள். ஓவர்லோடு ரிலேயையும் எடுத்துவிடக் கூடாது. மோட்டாரைக் காப்பது அதுதான்.
* கரண்ட் போய் வந்ததும் எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். பேசி வைத்து ஒவ்வொன்றாகப் போட்டால் டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ் தப்பும்.
* எர்த் இணைப்பும் ஸ்டார்ட்டர் வேலையும் உரிமம் உள்ள வயர்மேன்தான் செய்யணும்.

காயில் கருகினால் ரீவைண்டிங் செலவு ஒரு பக்கம், மில் ஓடாத நாட்களின் நஷ்டம் இன்னொரு பக்கம். கடன் தவணையோ காத்திருக்காது. ஆகவே கொட்டேஷன் வாங்கும்போதே, "இந்த மோட்டாருக்கு என்ன ஸ்டார்ட்டர்? ஓவர்லோடு ரிலே உண்டா?" என்று கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.