நீச்சல் வீரருக்கு முன்கடன் யார் தருவார்?

விளையாட்டில் ஒரு நாடு பின்தங்குவதற்கு வறுமையே காரணம் என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் விடை. நாடு வளர்ந்தால் பதக்கங்களும் தாமாக வந்து சேரும் என்ற நம்பிக்கையும் அதனுள் அடங்கியிருக்கிறது. திருப்பூர் வட்டாரத்தில் பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த விடையோடு எனக்கு உடன்பாடில்லை. ஏறத்தாழ ஒரே வயதுடைய இரு நீச்சல் சாதனையாளர்களின் வாழ்க்கையை அருகருகே வைத்துப் பார்த்தால் அதற்கான காரணம் விளங்கும்.

ஒருவர் நம்மவரான குற்றாலீசுவரன். 1981-ஆம் ஆண்டு பிறந்தவர். 12 வயதில், 1994-ஆம் ஆண்டு, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். பாக் நீரிணை உட்பட அந்த ஒரே ஆண்டில் ஆறு கடல்வழிகளைக் கடந்து, 1966-இல் மிஹிர் சென் ஓராண்டில் ஐந்தைக் கடந்து படைத்திருந்த சாதனையை முறியடித்தார். 1996-இல் அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது. தமிழகத்தில் அன்று அவர் பெயரை அறியாத பள்ளி மாணவர் இல்லை எனலாம்.

மற்றொருவர் உக்ரைனின் யானா குளோச்கோவா. 1982-இல் கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில் பிறந்து, கார்கிவ் நகரில் பயிற்சி பெற்றவர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர், 400 மீட்டர் தனிநபர் மெட்லி ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். 400 மீட்டரில் அவர் எடுத்துக்கொண்ட 4 நிமிடம் 33.59 விநாடி அன்றைய உலக சாதனை. 800 மீட்டரில் வெள்ளியும் கிடைத்தது. நான்காண்டுகளுக்குப் பின் ஏதென்ஸில் அதே இரு மெட்லி தங்கங்களையும் மீண்டும் வென்றார். பட்டாம்பூச்சி, மல்லாந்த நீச்சல், மார்பு நீச்சல், விருப்ப நீச்சல் என நான்கு வகைகளிலும் தேர்ந்தவரே மெட்லியில் நிற்க முடியும். நீச்சல் பயிற்சியிலேயே நீண்ட கால உழைப்பைக் கோருவது அது.

குளோச்கோவா சிட்னியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 18. அதே வயதில் குற்றாலீசுவரன் போட்டி நீச்சலை விட்டுவிட்டிருந்தார். போதிய ஆதரவாளர்கள் கிடைக்காததால் நீச்சலைத் தொடர முடியவில்லை என்பதை அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். பொறியியல் படித்தார், அமெரிக்காவில் பணியில் அமர்ந்தார். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கணக்கில் அது சரியான முடிவே. அவரை யாரும் குறை கூற இயலாது.

இருவரும் நீந்தியது வெவ்வேறு நீர் என்பதை மறுப்பதற்கில்லை. குளோச்கோவாவினுடையது நீச்சல்குளப் போட்டி. குற்றாலீசுவரனுடையது நெடுந்தொலைவுக் கடல் நீச்சல். திறந்தவெளி நீச்சலில் 10 கிலோமீட்டர் பந்தயம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றதே 2008-இல்தான். எனவே, பதக்கங்களை எண்ணி இருவரையும் ஒப்பிடுவது பொருந்தாது. நான் ஒப்பிட விரும்புவது, அவர்களுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடுகளை.

இங்குதான் வறுமை என்ற விடை தடுமாறுகிறது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் உக்ரைனின் பொருளாதாரம் சரிந்துகொண்டே சென்றது. அந்தப் பத்தாண்டில் அதன் உற்பத்தி பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அதே 1991-இல் சீர்திருத்தங்களைத் தொடங்கிய இந்தியாவோ வளர்ந்துகொண்டிருந்தது. வீழும் நாடு ஒரு வீராங்கனையைச் சிகரத்துக்கு அனுப்பியது. வளரும் நாடு ஒரு சிறுவனைப் பாதி வழியில் இழந்தது.

சோவியத் காலம் விட்டுச் சென்ற சிறார் விளையாட்டுப் பள்ளிகளும் குளங்களும் பயிற்சியாளர்களும் உக்ரைனில் எஞ்சியிருந்ததே இதற்குக் காரணம். ஏழு, எட்டு வயதில் ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொண்டு, வெற்றி வருமா என்று தெரியாமலேயே பத்தாண்டுகள் செலவிடும் அமைப்பு அது. குழந்தைகளைக் கசக்கிப் பிழிந்த குறைகளும் அந்த முறைக்கு உண்டு. அதை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை. ஆனால், தோல்விக்கான இழப்பைக் குடும்பத்தின் தலையில் ஏற்றாமல் பொது அமைப்பு ஏற்றுக்கொண்டது என்ற ஒரு கூறு நம் கவனத்துக்குரியது.

நம் ஊரில் நிலைமை நேர்மாறானது. பரிசும் பாராட்டும் விளம்பர ஒப்பந்தமும் வெற்றிக்குப் பின் வருகின்றன. பணம் தேவைப்படுவதோ வெற்றிக்கு முன். கடல் நீச்சலுக்குத் துணைப் படகு வேண்டும், மேற்பார்வையாளர் வேண்டும், குடும்பத்தோடு வெளிநாட்டுப் பயணம் வேண்டும். இவ்வளவையும் பெற்றோர் செய்து முடித்த பின்னரே மாலையுடன் மற்றவர்கள் வருகிறார்கள்.

இந்தக் கால இடைவெளியைத் திருப்பூரைப் போல் நன்கறிந்த ஊர் வேறில்லை. ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆர்டர் வருகிறது. நூல் வாங்கி, துணி பின்னி, சாயமேற்றி, தைத்து, பெட்டி கட்டிக் கப்பலேற்றிய பிறகு வாரங்கள் கழித்தே பணம் வந்து சேரும். அதுவரை ஏற்றுமதியாளர் எப்படித் தாக்குப்பிடிப்பார்? ஆர்டரைக் காட்டினால் வங்கி 'பேக்கிங் கிரெடிட்' தருகிறது. கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஏற்படும் இழப்பில் பெரும்பகுதியை ஏற்க ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நூறு கோடி ரூபாயாக இருந்த திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி இன்று 30,000 கோடியைத் தாண்டி நிற்பதற்கு உழைப்பும் துணிவும் மட்டுமே காரணமல்ல. இப்படி இடரைப் பகிர்ந்துகொண்ட ஏற்பாடுகளுக்கும் அதில் பங்குண்டு.

விளையாட்டில் அப்படிப்பட்ட ஏற்பாடு அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று இருக்கிறது. 2021 ஜூன் மாதம் ரோம் நகரில் நடந்த போட்டியில் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்கின் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார் சஜன் பிரகாஷ். தகுதி நேரத்தைவிட நொடியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே குறைவு. கேரளத்தில் பிறந்த அவர் வளர்ந்ததும் நீந்தக் கற்றதும் நெய்வேலியில். அவருடைய தாய், முன்னாள் தடகள வீராங்கனை, நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பணிபுரிந்தவர். மாதச் சம்பளம், நிறுவனக் குடியிருப்பு, அதற்குள்ளேயே நீச்சல்குளம். பதக்கம் எதையும் எதிர்பார்த்து அமைக்கப்படாத ஒரு பொதுத்துறை நகரியம், ஒலிம்பிக் வீரருக்கான முன்கடனைத் தன்னையறியாமலேயே வழங்கிவிட்டது.

பின்னலாடைத் தொழிலாளியின் பிள்ளைக்கு இவற்றில் எது எட்டும்? ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் பெற்றோர், விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்ல இயலாது. சனிக்கிழமைக் கூலியை நம்பி வாழும் குடும்பம் பத்தாண்டுக்கான முதலீட்டை எண்ணிப் பார்க்கவும் இயலாது. கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகிய கொங்குச் சிறுவர்களின் திறமை அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

மத்திய அரசின் ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டமும், 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் பாராட்டுக்குரியவை. எனினும், இத்தகைய உதவிகள் பெரும்பாலும் ஓரளவு ஒளிவிடத் தொடங்கியவர்களையே சென்றடைகின்றன. எட்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட இருட்டில் உதவி குறைவு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். விளையாட்டுப் பயிற்சியும் அதில் அடங்கும். ஆனால், திருப்பூரின் நிறுவனங்களில் பல, பங்குதாரர் கூட்டாகவோ தனியுரிமையாகவோ நடப்பவை. சட்டம் அவற்றைக் கட்டாயப்படுத்தாது. தாமாக முன்வந்தால்தான் உண்டு.

முன்வருவதற்கான முன்மாதிரியும் இந்த ஊரிலேயே இருக்கிறது. நொய்யல் மாசுபாட்டால் 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, தனியொரு பட்டறையால் தாங்க முடியாத செலவைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வழியே பலரும் பகிர்ந்து சுமந்தனர். அதே கணக்குதான் நீச்சல்குளத்துக்கும். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு 25 லட்சம் லிட்டர் நீர் தேவை. தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் இது ஆடம்பரம் என்ற ஐயம் எழலாம். வடிகட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படும் நீர் அது. சாயக்கழிவையே சுத்திகரித்து மறுபடி பட்டறைக்கு அனுப்பத் தெரிந்த ஊருக்கு இது பெரிய வித்தையன்று.

குளம் கட்டுவதைவிட அதை நடத்துவதே கடினம். பயிற்சியாளருக்குப் பத்தாண்டுகளுக்கு உறுதியான ஊதியம், அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் நீச்சல் பாடம், அவர்களில் தேர்ந்தவர்களுக்குப் பயண வாகனமும் சத்தான உணவும், பாதியில் விலகுபவர்களுக்குக் கல்வி உதவி. ஏற்றுமதியாளர்களும் மாநகராட்சியும் சேர்ந்து அமைக்கும் ஓர் அறக்கட்டளையின் சக்திக்கு உட்பட்டவையே இவை. இவ்வழியில் வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பதக்கம் வெல்ல மாட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனாலும், கிணற்றில் மூழ்கிச் சாகாத ஒரு தலைமுறையேனும் நிச்சயம் மிஞ்சும்.

அனுப்பும் சாம்பிள்கள் எல்லாம் ஆர்டர் ஆவதில்லை என்பது ஏற்றுமதியாளர்களுக்குத் தெரியும். அதற்காக யாரும் சாம்பிள் தைப்பதை நிறுத்துவதில்லை. அச்செலவு தொழிலின் கணக்கிலேயே அடங்கிவிடுகிறது. நம் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் அப்படியொரு கணக்குப் புத்தகத்தைத் திறப்பதே இனி செய்ய வேண்டியது.