குதிரைத்திறன் இருந்தும் சக்கரம் வழுக்கினால்…

நாற்பத்தைந்து ஹெச்.பி. டிராக்டர். ஒன்பது கொத்துக் கலப்பையை மண்ணில் இறக்கியதும் இன்ஜின் உறுமுகிறது. பின் டயரோ நின்ற இடத்திலேயே மண்ணைச் சுரண்டுகிறது. வண்டி நகர்வது பாதி, டீசல் எரிவது முழுசு. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்பு, பின் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இழுக்கும் சக்தி இன்ஜினுடையது என்றாலும், அதை மண்ணுக்குக் கொண்டுசேர்ப்பது டயர். எடை இல்லாவிட்டால் டயருக்குப் பிடிமானம் கிடையாது. முன்புறம் மாட்டும் இரும்பு வெயிட், பின் ரிம்மில் போல்ட் போட்டு முடுக்கும் வட்ட வெயிட், டயருக்குள் ஏற்றும் தண்ணீர் எல்லாம் இதற்காகத்தான்.

தண்ணீர்தான் மலிவு. வால்வு உச்சியில் நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பி, வால்வு மட்டம் வரை ஏற்றினால் முக்கால் பாகம் நிரம்பும். மீதி காற்றுக்கு, அந்த இடமும் இல்லாவிட்டால் டயர் குலுக்கலைத் தாங்காது. 13.6-28 அளவு டயர் ஒன்றுக்கு 150 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதாவது, இரண்டு டயரிலும் சேர்த்து 300 கிலோவுக்குக் குறையாத எடை. குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். அமெரிக்காவில் சர்க்கரை பீட்ரூட் சாற்றைக்கூட ஏற்றுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் ஏற்றிய தண்ணீரை இறக்க யாருக்கும் மனசு வருவதில்லை. கோடை உழவுக்குப் போட்ட எடையோடு சேற்றுழவுக்கு இறங்கினால், வண்டி புதையும். அங்கே எடையைக் கழற்றிவிட்டு கேஜ் வீல் மாட்டுவதே முறை. ரோட்டவேட்டரின் சுழலும் கத்திகள் வண்டியை முன்னே தள்ளுவதால், அதற்குப் பின் சக்கர வெயிட் பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு சாலையில் போகும்போது முன்பக்கம் லேசாகிவிடும். அப்போது முன் வெயிட் அவசியம். முன்னால் லோடர் பூட்டிய வண்டிக்கு நேர்மாறாகப் பின்னால் பாரம் வேண்டும்.

எடை போதுமா என்பதை ஒரு சாக்பீஸும் டேப்பும் சொல்லிவிடும். பின் டயரில் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை அளக்க வேண்டும். பிறகு அதே வயலில், உழுதபடி பத்துச் சுற்று. முதலில் 40 மீட்டர், அடுத்து 34 மீட்டர் என்றால் வழுக்கல் 15 சதவீதம். உழவில் அதுவரை சரி. 30 மீட்டர்தான் போனது என்றால் எடை போதாது. 39 மீட்டர் போனதென்று சந்தோஷப்படவும் வேண்டாம்: எடை அதிகம் என்று அர்த்தம். மண் இறுகும், கியர்பாக்ஸ் அடிபடும்.

இரும்பைக் கூட்டாமலே பிடிமானம் தர முடியும் என்று காட்டியவர் ஹாரி ஃபெர்குசன். மூன்று முனை இணைப்பும் ஹைட்ராலிக்கும் சேர்ந்து, கலப்பையின் எடையையும் மண்ணின் இழுப்பையும் பின் சக்கரத்தின் மீது திருப்பிவிட்டன. 1939-ல் ஃபோர்டுடன் சேர்ந்து கொண்டுவந்த 9என் டிராக்டரில் அது பரவலானது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்த மாஸி ஃபெர்குசனின் பெயரில் இருப்பவர் இவரே. அந்த ஏற்பாட்டை இயக்க இன்றும் சீட்டருகே இருக்கும் டிராஃப்ட் லீவரைச் சரியாகப் பயன்படுத்தினால், பாதி வெயிட்டை வாங்கவே வேண்டியிருக்காது.

கரும்பு லோடு கதை வேறு. ஏற்றத்தில் முன் சக்கரம் எழும்பும்போது ஸ்டியரிங் வெறும் அலங்காரம். திரும்புவதற்கே மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும். சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால் வண்டி பின்னோக்கிக் கவிழும். மீட்க முடியாத நிலைக்குப் போக ஒரு நொடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் முடிந்துவிடும்.

முன்பக்கம் எழும்பாமலிருக்க பம்பரில் ஆளை உட்கார வைப்பதை முதலில் நிறுத்துங்கள். லோடைக் குறைத்து, டிராபாரில் தாழ்வாகப் பூட்டி, முன் வெயிட் மாட்டுங்கள். எந்த அச்சு எவ்வளவு தாங்கும் என்பது டிராக்டரோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. வெயிட் வாங்கப் போகும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.