பாதயாத்திரையில் ஆடைத் தூய்மை

கதிர்காமத்து ஆடித் திருவிழாவை நோக்கித் தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து நடந்து செல்லும் அடியார்கள் ஒரு மாதத்துக்கு மேலாக வழியிலேயே வாழ்கின்றனர். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் எனக் கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தை முருகன் சந்நிதியைக் கடந்து, குமணை, யால வனங்களினூடாக மாணிக்க கங்கைக் கரையை அடைவது அவர்தம் பாதை. தோளிலே தொங்கும் மூட்டையில் அரிசியும் நீரும் இடம் பிடித்தபின் ஆடைக்கு எஞ்சும் இடம் சிறிதே. கோயிலுட் புகுவோர் தோய்த்துலர்ந்த ஆடை உடுத்திருத்தல் வேண்டும் என்பதோ சைவ மரபு. வழி நெடுகிலும் கோயில்கள். இரண்டு வேட்டிகளை மாத்திரம் வைத்துக்கொண்டு இம்மரபைக் காப்பது எவ்வாறு?

சவர்க்காரத்தை நிறையக் கொண்டுசென்றாற் போதும் என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. நடப்பவனின் ஆடையை முதலிற் கெடுப்பது வியர்வை. வியர்வையிற் பெரும்பகுதி நீர். அதிற் சிறிது உப்பு. சுரக்கும் வேளையில் அதற்கு நாற்றம் இல்லை என்றே சொல்லலாம். தோலிலும் துணியிலும் வாழும் பற்றீரியாக்கள் அதிலுள்ள பொருள்களைச் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கின்றது. ஆகவே அன்றைய வியர்வையை அன்று மாலையே வெறும் நீரில் அலசிவிடுவதே தலையாய உபாயம். உப்பு நீரிற் கரைந்துவிடும்; பற்றீரியாக்களுக்கு உணவும் குறையும். ஒரு வாளி நீர் இதற்குப் போதும். களைப்பினால் அதனை மறுநாளைக்கு ஒத்திவைத்து, ஈரத்துணியை மூட்டைக்குள் திணிப்பவர் மறுநாள் எவ்வளவு சவர்க்காரம் தேய்த்தும் அந்நாற்றத்தை முற்றாக நீக்குவது அரிது.

நாற்றம் பிறரை வருத்துவது. உப்போ உடுத்தவரையே வருத்தும். உப்புப் படிந்து விறைத்த துணி தொடையிடுக்கில் உரச, தோல் சிவந்து புண்ணாகும். ஈரம் நீங்காத இடத்திற் படர்தாமரையும் பற்றும். வலிய கால்களை உடையவரும் இச்சிறு புண்ணினால் நடையை நிறுத்த நேரிடும்.

நீரின் இயல்பும் இடத்துக்கு இடம் மாறும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லில் அகழப்பட்டவை. அந்நீரிற் கரைந்துள்ள கல்சியம் சவர்க்காரத்துடன் சேர்ந்து, நீரிற் கரையாத வெண்கசடாகத் துணியிற் படிகின்றது. வெள்ளை வேட்டி நாளடைவில் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே சவர்க்காரத்தைக் குறைத்து, அலசுவதைக் கூட்டுதல் நன்று. கடலையும் களப்பையும் அண்டிய கிணறுகள் சில உவர்ப்பானவை. உவர்நீரில் அலசிய துணி வெயிலிற் காய்ந்தது போலத் தோன்றினும், இரவிற் காற்றின் ஈரத்தை இழுத்து மீண்டும் நமுத்துப் போகும். கடைசி அலசலுக்கேனும் ஒரு செம்பு நன்னீரை ஒதுக்கிக்கொள்ளல் வேண்டும்.

உலர்த்துவதற்கு அக்காலத்து வானிலை துணை செய்கின்றது. ஆடி மாதத்தை ஒட்டிக் கீழ்க்கரையில் வீசும் கச்சான் காற்று சூடும் வறட்சியும் உடையது. பருத்தி வேட்டியை விரைவில் உலர்த்திவிடும். புழுதியைக் கொணர்வதும் அதுவே; ஆதலாற் பாதையோரத்திற் கொடி கட்டலாகாது. இரண்டு கயிறுகளை ஒன்றாய் முறுக்கிக் கட்டினால், முறுக்கின் இடையே துணியின் விளிம்பைச் செருகிவிடலாம். வேறு பிடி தேவையில்லை. பற்றைகளின் மேல் விரித்தால் முள்ளிற் கிழிவதோடு உண்ணியும் ஏறும்.

கறைகளைப் பற்றியும் ஓரிரு சொற்கள். முள் கீறிய இரத்தத்தைக் குளிர்ந்த நீரிலேயே கழுவுதல் வேண்டும். வெந்நீர் பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் உறைந்து நூலைப் பற்றிக்கொள்ளும். அன்னதானப் பந்தியிற் சிந்திய கறியின் மஞ்சள், சவர்க்காரம் பட்டவுடன் செந்நிறமாகும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காரம் பட்ட மஞ்சளின் இயல்பு அது. நன்றாக அலசி வெயிலில் இட்டால் நாளடைவில் வெளிறிவிடும்.

காவி உடுத்தால் அழுக்குத் தெரியாது என்பார் உளர். தெரியாமையே அதன் குறை. வெள்ளை வேட்டி தன்னைத் தோய்க்கும்படி தானே கேட்கும். காவியை உடுத்தவர் நாட்களை எண்ணிக்கொண்டிருத்தல் வேண்டும்.

உகந்தைக்கு அப்பால் நிலைமை வேறு. அவ்வறண்ட காலத்தில் வனத்தினுள் நீர் சில குளங்களிலும் ஆற்று மடுக்களிலுமே தேங்கி நிற்கும். மானும் மரையும் யானையும் அருந்துவது அதனையே. பின்னே வரும் யாத்திரிகர் அருந்த நேர்வதும் அதனையே. அதிலே சவர்க்காரம் கலப்பது பெரும் பிழை. குமுக்கன் ஆறு முதலிய நீர்நிலைகளில் முதலைகளும் உண்டு. கரையோரம் குனிந்து துணி அலசுதல் உயிருக்கே ஆபத்தாகலாம். வழித்துணைவர் காட்டும் இடத்திற் பாத்திரத்தில் நீரை முகந்து, கரையை விட்டு விலகி வந்து, சவர்க்காரமின்றி அலசி, அழுக்கு நீரை மணலில் ஊற்றிவிடுதல் வேண்டும். நீர் அதற்கும் போதாத நாளில் வியர்த்த ஆடையை உதறி வெயிலில் விரித்து, உடுத்த பக்கத்தைப் புறம்மாற்றி உடுத்தலாம்.

அனுபவம் மிக்க அடியார்கள் மூன்றாவதாக ஒரு வேட்டியையும் கொண்டுசெல்வர். அது நன்றாக உலர்ந்தபின் மடித்து, நீர் புகாத உறையிலிட்டு, மூட்டையின் அடியில் வைக்கப்படுவது; வழியில் எத்துணை இடர் நேரினும் அதனை எடுப்பதில்லை. மாணிக்க கங்கையில் மூழ்கி எழுந்து முருகன் சந்நிதிக்குச் செல்லும்போதே அதன் மடிப்புக் கலையும்.