பழைய வேனில் நெல்லைக்கு

கோடை விடுமுறையிலும் பொங்கலை ஒட்டியும் கல்யாண் வழியாகச் செல்லும் நாகர்கோவில் விரைவு வண்டியில் இடம் கிடைப்பது அரிது. 60 நாள்களுக்கு முன்பாக முன்பதிவு தொடங்கும் காலையிலேயே காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிடும். அம்பர்நாத்தில் வாழும் நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இது பழகிப்போன கதை. எனவே, நண்பர்கள் சிலர் சேர்ந்து பணம் போட்டு ஒரு பழைய ஆம்னி வேனை வாங்கி, ஊர்வரை ஓட்டிச் சென்றுவிடலாம் என்று முடிவெடுப்பதுண்டு. சென்ற ஏப்ரலில் அத்தகைய நால்வர் எமது கிளைக்கு வந்திருந்தனர். பயணச் செலவுக்கென ஒரு கூட்டுக் கணக்கு தொடங்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. "வேன் யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டேன். "பழைய ஓனர் பெயரில்தான் சார். ஊருக்குப் போய்விட்டு வந்து மாற்றிக்கொள்வோம்" என்றனர்.

எனக்குச் சற்றுக் கூச்சமாயிருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் இதே விடையைச் சொல்லிவிட்டு இதே சாலையில் சென்றவன்.

இந்த வேன் 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வெளிவந்து, பின்னர் ஆம்னி எனப் பெயர் பெற்றது. 2019இல் உற்பத்தி நின்றது. ஆகவே, இன்று சந்தையில் கிடைப்பவை யாவும் பழையனவே. 796 சிசி எஞ்சின் முன்னிருக்கைகளின் அடியில் இருப்பதால், கோபோலியைக் கடந்து போர் காட் ஏறும்போதே இருக்கை சுடத் தொடங்கும். அங்கே நிறுத்தி ஆறவிட்டுச் செல்வது நலம். பூனா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூரு, கிருஷ்ணகிரி, சேலம், மதுரை எனத் திருநெல்வேலி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். வண்டியின் நலத்தை மெக்கானிக் பார்த்துக்கொள்வார். தாள்களை வாங்குபவர்தான் பார்க்க வேண்டும்.

வாகனத்தை விற்றவர் அதே மாநிலத்துக்குள் 14 நாள்களிலும், வாங்கியவர் 30 நாள்களிலும் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. இதற்கானவை 29, 30ஆம் எண் படிவங்கள். பழைய கடன் ஆர்.சி.யில் குறிக்கப்பட்டிருந்தால், கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும் 35ஆம் எண் படிவமும் தேவை. இவற்றைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? விற்பனைக்குப் பின் பலர் கைமாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கும் ஒரு மனிதரின் தலையில் நால்வரின் உல்லாசப் பயணம் இடியாக இறங்கலாம். அவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவராகவே இருப்பார் என்பது கூடுதல் சங்கடம்.

வாங்கியவருக்கும் இடருண்டு. வாகனம் கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி புதிய உரிமையாளருக்குத் தொடரும். ஆனால், வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தானாகத் தொடராது. 14 நாள்களுக்குள் விண்ணப்பித்துப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய உரிமையாளர் ஈட்டிய 'நோ கிளெய்ம் போனஸ்' அவருடனே போய்விடும். பிரீமியம் அதற்கேற்பக் கூடும்.

இனி நான் அந்த நால்வரிடம் அதிக நேரம் பேசிய செய்திக்கு வருகிறேன். பழைய வண்டிதானே என்று பெரும்பாலோர் குறைந்த பிரீமியத்தில் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுக்கின்றனர். அது சாலையில் செல்லும் பிறருக்கானது. சொந்தக் காரில் கட்டணமின்றி உடன் வரும் நண்பர்களுக்குச் சட்டம் கட்டாயமாக்கிய அந்தப் பாலிசி பொதுவாகப் பாதுகாப்பு அளிப்பதில்லை. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் பதிவுபெற்ற உரிமையாளர் ஒருவருக்கே உரியது. ஆக, நால்வர் பயணம் செய்யும் வேனில் மூவருக்கு ஒன்றுமில்லை. இரவெல்லாம் மாறி மாறி ஓட்டப்போவதோ அந்த மூவரும் சேர்ந்துதான். முழுமையான 'பேக்கேஜ்' பாலிசியும், பயணிகளுக்கும் ஓட்டுபவருக்கும் கூடுதல் விபத்துக் காப்பீடும் எடுத்தால் இக்குறை நீங்கும். அதற்கு ஆகும் தொகையை வேனின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மீதியிருக்கும் இருக்கைகளில் தெரிந்தவர்களை ஏற்றி ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கலாமே என்ற யோசனையும் எழுந்தது. கூடாது. தங்களுக்குள் பெட்ரோல் செலவைப் பகிர்வது வேறு, கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது வேறு. பின்னதைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். சி.என்.ஜி. கருவி பொருத்திய வேனாயின் அது ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பதிவாகியிருக்க வேண்டும். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை நடந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் அப்போது சுற்றுச்சூழல் வரியும் உண்டு. 'மலிவான' வேனின் விற்பனையாளர் இதைச் சொல்ல மறந்துவிடுவது வழக்கம்.

நால்வர் பணம் போட்டாலும் ஆர்.சி. நடைமுறையில் ஒருவர் பெயரில்தான் அமையும். எனவே, யார் எவ்வளவு போட்டார், பின்னர் விற்றால் எப்படிப் பிரிப்பது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பினால் பின்னாளில் அதுவே சான்றாகும். கூட்டுக் கணக்கை 'யாரேனும் ஒருவர் அல்லது பிழைத்திருப்பவர்' என்ற முறையில் தொடங்கினால், வழியில் எவரும் பணம் எடுக்கலாம். அனைவரும் கையொப்பமிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நடுவழியில் டயர் மாற்றவும் இடர்ப்பட நேரும்.

பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்கை அகற்றிப் புதியது ஒட்டச் சொன்னேன். இல்லையேல் நெல்லை வரையிலான சுங்கக் கட்டணம் முழுவதும் அவர் கணக்கிலிருந்து கழியும்.

நால்வரும் பயணத்தை மே மாதத்தின் பிற்பாதிக்குத் தள்ளிவைத்தனர். திரும்பி வந்தபின் ஒருவர் மட்டும் கிளைக்கு வந்தார். வேனை ஊரிலேயே தம்பியின் பொறுப்பில் விட்டு வந்திருக்கிறார்களாம். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று சொல்லி, 28ஆம் எண் படிவத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினேன்.