அஞ்சறைப் பெட்டியை மாற்றி வைத்தால்...

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டு, ஐந்தாம் மாதம் குழந்தையோடு புகுந்த வீடு திரும்பினேன். நான் இல்லாத சமயத்தில் என் நாத்தனார் சமையலறை அலமாரியைத் தலைகீழாக மாற்றி வைத்திருந்தாள். எல்லாம் ஒரே நிற டப்பா, ஒரே அளவு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் விடியற்காலை அரைத் தூக்கத்தில் காப்பி கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் மாமனார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! சர்க்கரை இருந்த இடத்தில் உப்பு.

"அண்ணி, டப்பா மேல பேர் எழுதி ஒட்டியிருக்கேனே, பாக்கலையா?" என்றாள் நாத்தனார்.

பார்க்கவில்லைதான். பழகின கை எழுத்தைப் படித்துவிட்டா டப்பாவை எடுக்கும்?

'இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது, சகோதரிகளே. இன்று பிள்ளைகளின் மார்க் ஷீட்டிலிருந்து கல்யாணப் போட்டோ வரை வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் கிடக்கின்றன. அதனால் இது நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரம்.

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை ஏற்பாட்டுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். தமிழில் இயங்குதளம் என்பார்கள். அது ஒரு சமையலறை மாதிரி. நாம் எழுதும் கடிதமும் போடும் கணக்கும் அதில் சமைக்கும் பண்டங்கள். பல வீடுகளில் இருப்பது மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் விண்டோஸ்.

1995-ல் வந்த விண்டோஸ் 95-ல்தான் திரையின் இடது கீழ் மூலையில் 'ஸ்டார்ட்' பட்டன் முதன்முதலில் வந்தது. எதைத் திறக்க வேண்டுமானாலும் அதை அமுக்கினால் போதும். கம்ப்யூட்டரை அணைப்பதற்கும் அதே பட்டன்தான். பதினேழு வருடம் ஜனங்களின் கை அந்த மூலைக்கே போய்ப் பழகிவிட்டது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது அந்தப் பட்டனைக் காணோம்! கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை முழுக்கக் கலர் கலராய்க் கட்டங்கள். விரலால் தொட்டு இயக்கும் சாதனங்கள் பரவிக்கொண்டிருந்த நேரம். அதற்கு ஏற்றபடி மாற்றினார்களாம்.

பயன்படுத்தியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 'முன்னைவிடச் சீக்கிரம் திறக்கிறது, தொடுதிரைக்கு வசதியாக இருக்கிறது' என்று பாராட்டினவர்கள் ஒரு பக்கம். 'மேஜை மேல் மவுஸ் வைத்து வேலை செய்கிறவன் கதி என்ன?' என்று கோபித்துக்கொண்டவர்கள் மறுபக்கம். கம்ப்யூட்டரை அணைக்கவே மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோய், அங்கே வரும் பட்டியலில் செட்டிங்ஸைத் திறந்து, அதற்குள் பவர் என்பதைத் தேட வேண்டியிருந்தது. பழைய பட்டனைத் திரும்பக் கொண்டுவருவதற்கென்றே வெளியார் சிலர் குட்டிப் புரோகிராம்கள் செய்தார்கள். பலர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு வருடம் கழித்து, 2013 அக்டோபரில் வந்த 8.1-ல் பட்டன் திரும்பி வந்தது. ஆனால் அமுக்கினால் மறுபடியும் அதே கட்டங்கள்தான்! டப்பா பழைய இடத்துக்கு வந்தது, உள்ளே சர்க்கரையைக் காணோம் என்கிற கதை. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-ல்தான் பழைய பட்டியலும் புதிய கட்டங்களும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது அந்தப் பட்டன் நடுவுக்கு நகர்ந்தது. ஆனால், வேண்டுமென்றால் செட்டிங்ஸில் போய் இடது பக்கமே வைத்துக்கொள்ளலாம் என்று வழி விட்டிருந்தார்கள்.

"மாத்தினா பழகிக்கணும்மா" என்பான் என் மகன்.

"பழகிக்கறேன்டா. ஆனா புழங்கறவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்தக் கூடாதா?" என்பேன் நான்.

போகட்டும், இடம் மாறினால் தேடி எடுத்துக்கொள்ளலாம். பண்டமே காணாமல் போனால்? அதுவும் நடந்திருக்கிறது.

2018 அக்டோபர் 2-ம் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் வெளியிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்ட சிலருக்கு, வருடக்கணக்காய்ச் சேர்த்த போட்டோக்களும் கடிதங்களும் மாயமாகிவிட்டன. காரணம் இதுதான். இடம் போதவில்லை என்று 'டாகுமெண்ட்ஸ்' மாதிரியான ஃபோல்டரைச் சிலர் வேறு டிஸ்குக்கு மாற்றியிருப்பார்கள். ஆனால் பழைய ஃபைல்கள் சில பழைய இடத்திலேயே தங்கியிருக்கும். அப்டேட் என்ன செய்தது? 'இவர்கள்தான் குடி மாறிவிட்டார்களே, இந்தப் பழைய ஃபோல்டர் எதற்கு' என்று அதைத் துடைத்துவிட்டது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. புது வீடு போனவர்களின் பழைய வீட்டுப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைக் குப்பையில் போட்ட மாதிரி!

நாலே நாளில் அந்த அப்டேட்டை நிறுத்தினார்கள். புகார் செய்தவர்கள், போட்டுக்கொண்டவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்றது கம்பெனி. இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வீட்டுக்கு அது முழு நஷ்டம் அல்லவா?

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. வெளியிடும் முன்பே, பரிசோதனையாகப் பயன்படுத்திப் பார்த்தவர்களில் சிலர் 'ஃபைல் போய்விட்டது' என்று எழுதியிருந்தார்கள். அந்தப் புகாரை ஆமோதித்தவர்கள் கொஞ்சம் பேர் என்பதால், அது கும்பலில் அமுங்கிப்போனது. அப்புறம்தான், எத்தனை பேர் சொன்னார்கள் என்பதோடு, பாதிப்பு எவ்வளவு பெரியது என்பதையும் குறிக்கிற மாதிரி புகார்ப் படிவத்தை மாற்றினார்கள். திருத்திய அப்டேட் நவம்பர் 13-ம் தேதி வந்தது. வீட்டிலும் அப்படித்தானே? நாலு குழந்தைகள் சாப்பாடு பிடிக்கவில்லை என்று கத்தும்போது, ஒரு குழந்தை மெதுவாய் 'வயிறு வலிக்குது' என்றால் அதைத்தானே முதலில் கவனிக்க வேண்டும்!

மகன் இந்தச் சேதியைச் சொன்ன அன்று எனக்கே வயிற்றைக் கலக்கிவிட்டது. என் மாமியார் படுத்த படுக்கையாய் இருந்தபோது, தன் கைப்பக்குவங்களை ஒவ்வொன்றாய்ச் சொல்ல, நான் பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்து வைத்திருந்தேன். பத்தியச் சாப்பாடு, பிரசவ லேகியம், மாவடு ஊறுகாய், 'கைப்பிடின்னா என் கைப்பிடி, உன் கைப்பிடி இல்ல' என்ற குறிப்பு உட்பட. அவர் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அத்தனையும் இருந்தது ஒரே கம்ப்யூட்டரில், ஒரே ஃபோல்டரில். நல்ல காலம், எங்களுக்கு ஒன்றும் போகவில்லை. ஆனால் அன்று இரவே எழுந்து காப்பி எடுத்த பிறகுதான் தூக்கம் வந்தது.

நம் வீடுகளுக்குச் சில யோசனைகள்:

* முக்கியமான போட்டோ, சர்ட்டிபிகேட், குறிப்பு எதுவானாலும் இன்னொரு காப்பி இருக்கட்டும். பென் டிரைவிலோ தனி டிஸ்கிலோ எடுத்து, முடிந்தால் ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

* பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் நாளில் பெரிய அப்டேட் வேண்டாம். சில நாள் தள்ளிப்போட விண்டோஸிலேயே வழி இருக்கிறது. ஆனால் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். திருட்டுப் புரோகிராம்களுக்குப் பூட்டுப் போடுவதும் அப்டேட்தான்.

* இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விவரம் தெரிந்தவரிடம் காட்டி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

* ஃபைல் காணாமல் போனால் பதற்றத்தில் எதையெதையோ அமுக்காதீர்கள். புதிதாக எதையும் சேமிக்காமல் அணைத்து, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். மேலே புதிது எழுதப்படாத வரை மீட்க வாய்ப்பு உண்டு.

* வீட்டுப் பெரியவர்கள் புது ஏற்பாட்டில் தடுமாறினால் சலித்துக்கொள்ளாதீர்கள். எது எங்கே என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

மாமியாரின் குறிப்புகளில் ஒரு காப்பி இப்போது பென் டிரைவில் என் நாத்தனார் வீட்டில் இருக்கிறது. அவள் அம்மாவின் சொத்து, அவளுக்கும் பங்கு உண்டல்லவா? கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "இதை மட்டும் இடம் மாத்தி வைக்காதேடி!"