ராஜாவின் மார்பில் பன்றியா?

லைன் வீட்டுப் பெட்டியில் பாட்டி விட்டுப்போன 1911ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயைப் பார்த்துவிட்டு, “ராஜா ஏன் மார்பில் பன்றியை மாட்டியிருக்கிறார்?” என்று கேட்டு எழுதியிருக்கிறார் வால்பாறை வாசகர் ஒருவர்.

காசில் ராஜா முகம் எதற்கு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த முகத்தை எப்படிச் செதுக்கினார்கள் என்பதுதான் சுவாரசியம். பிரிட்டிஷ் இந்தியக் காசுகளில் ராஜா எப்போதும் பக்கவாட்டில்தான் இருப்பார். காசை வைத்திருப்பவர் அவரைப் பார்க்கலாம், அவர் யாரையும் பார்க்க மாட்டார். 1862ஆம் ஆண்டு ரூபாயில் விக்டோரியாவுக்கு மகுடமும் பூவேலை ஆடையும் உண்டு. ஏழாம் எட்வர்டுக்கு வெறும் தலைதான். டெல்லி தர்பார் நடந்த 1911இல் ஐந்தாம் ஜார்ஜுக்கு மகுடம், அரச அங்கி, கழுத்துச் சங்கிலி எல்லாம் ஏறின. எங்கள் பக்கம் கல்யாணத்தில் உருமால் கட்டியதும், நேற்றுவரை காட்டு வேலை பார்த்த பையனுக்குச் சபையே எழுந்து வழிவிடும். அங்கியும் சங்கிலியும் ராஜாவுக்குச் செய்தது அதைத்தான்.

அந்தச் சங்கிலி இந்தியப் பேரரசு விருதுக்குரியது. அதில் கோத்திருந்தது யானை. உருவத்தை வடித்தவர் ஆஸ்திரேலியச் சிற்பி பெர்ட்ரம் மெக்கென்னல். சுமார் 30 மில்லிமீட்டர் அகலக் காசில், அங்கியின் ஓரத்தில் கிடைத்த இத்தனூண்டு இடத்தில் யானையின் தும்பிக்கை குட்டையாகிவிட்டது. தேயிலைக்குள் யானை நடமாடும் ஆனைமலையில் வாழ்கிறவருக்கே அது பன்றியாகத் தெரிகிறதென்றால், அன்றைய மக்களை என்ன சொல்வது? முஸ்லிம்கள் மனம் புண்பட்டு எதிர்த்தார்கள். அடித்த சுமார் 94 லட்சம் காசுகளில் ஏறக்குறைய 7 லட்சமே வெளியே போயிருந்தன. மீதியை அரசு உருக்கிவிட்டது. 1912ஆம் ஆண்டுக் காசில் தும்பிக்கை தெளிவாக நீண்டது.

மகுடமும் அங்கியும் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், அதிகாரத்தின் முகத்துக்கு மதிப்புப் போடுவது காசைக் கையில் வாங்கும் சனங்கள்தான். தும்பிக்கையில் குறைந்த ஒரு கோட்டுக்காகப் பேரரசே அச்சை மாற்ற வேண்டியிருந்தது.

இந்த வரலாறு அத்தனையும் மெல்லிய கோடுகளில் இருக்கிறது. அதைத்தான் நாம் புளி போட்டுத் தேய்த்து அழிக்கிறோம். வளையம் பற்றவைத்துக் கழுத்தில் தொங்கவிடுகிறோம். கொலுசுக்காக உருக்கக் கொடுக்கிறோம். கறுத்த காசு கெட்ட காசு அல்ல. பாட்டியின் ரூபாயைத் தேய்க்காதீர்கள். ஓரத்தைப் பிடித்து எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்; பிறகு காகித உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.